தொழிலாளர் மேடை: வேலை நிறுத்தம் செய்ய முடியாதவர் கையில் என்ன இருக்கிறது?

இம்மாதக் கேள்விகள் எல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. வெளிநாட்டில் தீயணைப்பு வீரர்களும் நகர மன்றமும் மல்லுக்கு நிற்கும் செய்திகளைப் பார்த்துவிட்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மேயரோடு தீயணைப்பு வீரர்கள் மோதுவதை டிவியில் பார்க்கிறேன். நம் ஊர் போம்பாக்காரர்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தோடு அப்படி மோதியதாகக் கேள்விப்பட்டதே இல்லை. நம்மவர்கள் அவ்வளவு சாதுவா?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

சாது, முரடு என்ற பேச்சே இதில் இல்லை, ஐயா. சண்டைக்கு எதிரே ஒரு முதலாளி நிற்க வேண்டும். நகராண்மைக் கழகம் போம்பா என்ற நம் தீயணைப்பு இலாகாவுக்கு முதலாளியே அல்ல. ஒரு காலத்தில் அப்படி இருந்தது. தீயணைப்புப் பணியை அந்தந்த ஊராட்சி மன்றங்களே நடத்தின. பணமுள்ள ஊரில் நல்ல வண்டி, இல்லாத ஊரில் ஓட்டை வண்டி. தீபகற்பத்தில் 1976 ஜனவரி 1 முதல் அது மத்திய அரசின் கைக்குப் போய்விட்டது. இன்று அது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் உள்ள இலாகா. 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம் அதன் அதிகாரங்களைச் சொல்கிறது. 1997-இல் பெயரோடு 'மீட்பு' என்ற சொல்லும் சேர்ந்தது.

அதனால் சுங்கை சிப்புட் நிலையத்தில் இருப்பவரின் சம்பளத்தை ஊர் மன்றத் தலைவர் ஒரு காசுகூட ஏற்றவோ இறக்கவோ முடியாது. அது மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து, பொதுச் சேவை இலாகாவின் சுற்றறிக்கை வழியாக வருகிறது. 2024 டிசம்பர் 1-இல் தொடங்கிய புதிய சம்பள முறை அப்படித்தான் வந்தது. கீழ்நிலை ஊழியருக்கு முதல் கட்டத்தில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாக 7 விழுக்காடு. ஆசிரியருக்கும் அதே அறிக்கை, தாதிக்கும் அதே அறிக்கை, போம்பாவுக்கும் அதே அறிக்கை.

தோட்டத்தில் நீங்கள் பார்த்தது வேறு. அங்கே முதலாளிமார் சங்கமும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதைத் தொழில் நீதிமன்றத்தில் பதிவு செய்யும். குறைந்தது 3 ஆண்டுக்கு அது செல்லும். அமெரிக்க நகரத்துத் தீயணைப்புச் சங்கம் கிட்டத்தட்ட உங்கள் தோட்டச் சங்கம் போலத்தான் பேரம் பேசுகிறது. நம் போம்பாவின் நிலைமை அப்படி அல்ல.

போம்பாவுக்குச் சங்கம் வைக்க உரிமை உண்டா? வேலை நிறுத்தம் செய்தால் என்ன ஆகும்?
— செம்பனை ஆலைத் தொழிலாளி

சங்கம் உண்டு. 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் போலீஸ், சிறைத்துறை, இராணுவம் ஆகியோரைச் சங்கத்தில் சேரக் கூடாதென்று தடுக்கிறது. தீயணைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அரசு ஊழியர் சங்கங்களின் தாய்ச் சங்கம் கியூபெக்ஸ்.

வேலை நிறுத்தம் வேறு கதை. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அத்தியாவசியச் சேவைகள் இருக்கின்றன. மின்சாரம், தண்ணீர், துறைமுகம் ஆகியவற்றோடு தீயணைப்பும் அதில் உண்டு. அத்தியாவசியச் சேவையில் இருப்பவர் முன்னறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழியாமல் வேலையை நிறுத்தக் கூடாது. அந்த முன்னறிவிப்பும் 42 நாளுக்குத்தான் செல்லும். இடையில் அமைச்சர் தகராறைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் அதற்கப்புறம் நிறுத்துவது குற்றம்.

தனியார் துறைக்காவது அந்த நீதிமன்றம் இருக்கிறது. அரசு ஊழியருக்கு அதுவும் இல்லை. சங்க அங்கீகாரம், கூட்டுப் பேரம், சமரசம், வேலைநீக்க முறையீடு ஆகியவற்றைப் பேசும் பகுதிகள் அரசு வேலைக்குப் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. ஆலையில் வேலை போனால் நீங்கள் 20-ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவுக்குப் போகலாம். போம்பாக்காரருக்கு அந்த வாசல் கிடையாது. அவருக்கு இருப்பது அரசியலமைப்பின் 135-ஆவது விதி: தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். முடிவு பாதகமானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு, 3 மாதத்துக்குள். இந்த 21 நாளை விட்டுவிட்டு அதிகாரியை நேரில் பார்த்துக் கெஞ்சப் போகிறவர்கள்தான் அதிகம். கெஞ்சலுக்கு ரசீது கிடையாது. நீதிமன்றம் கேட்பது தேதி போட்ட பதிலை.

அனைத்துலகத் தொழில் நிறுவனம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீயணைப்புப் போன்ற உயிர்காப்புச் சேவையில் வேலை நிறுத்தத்தைத் தடை செய்யலாம். ஆனால் அதற்கு ஈடாக, பாரபட்சமற்ற, விரைவான சமரசமும் நடுவர் தீர்ப்பும் கொடுத்தாக வேண்டும். எங்கள் கருத்தில் முழு விவகாரமும் இந்த 'ஈடாக' என்ற சொல்லில்தான் நிற்கிறது. நம்மிடம் இலாகாவுக்குள் கூட்டு மன்றங்கள் உண்டு. 1977-இல் வந்த பொதுச் சேவை நடுவர் மன்றச் சட்டமும் உண்டு. ஆனால் சங்கம் நினைத்த மாத்திரத்தில் தட்டித் திறக்கக்கூடிய கதவு அல்ல அது. தடை முழுசாக இருக்கிறது, ஈடு அரைகுறையாக இருக்கிறது.

தீயணைப்பு வீரர்கள் உண்மையிலேயே வேலை நிறுத்தம் செய்த ஊர் உண்டா? வரலாற்றுப் பாடத்துக்குக் கேட்கிறேன்.
— ஐந்தாம் படிவ மாணவி

உண்டம்மா. மூன்றைச் சொல்கிறோம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

நியூயார்க், 1973 நவம்பர் 6. நிறுத்தம் ஐந்தரை மணி நேரமே நீடித்தது. உறுப்பினர்கள் வேலை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள் என்று சங்கத் தலைமை அறிவித்தது. பிறகு வாக்குச்சீட்டை எண்ணிப் பார்த்தால் பெரும்பான்மை 'வேண்டாம்' என்று போட்டிருந்தது. வாக்குப்பெட்டியை யார் வைத்திருக்கிறார், யார் எண்ணுகிறார், எண்ணிக்கையை எப்போது அறிவிப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்காத சங்கத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்த மாநிலத்தில் 1967 முதல் டெய்லர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நிறுத்திய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் வெட்டித் தரும் ஏற்பாட்டையும் நிறுத்திவிடலாம்.

சிக்காகோ, 1980 பிப்ரவரி 14 முதல் 23 நாள். அங்கே பல ஆண்டுகளாக எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. மேயரும் சங்கத் தலைவரும் கைகுலுக்கினால் அதுதான் ஒப்பந்தம். 1979-இல் ஜேன் பர்ன் மேயர் தேர்தலில் நின்றபோது எழுத்தில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வென்று ஓராண்டு ஆகப்போகிறது, காகிதம் வரவில்லை. வண்டியில் எத்தனை பேர், மேலதிகாரிகளும் அதே சங்கத்தில் சேரலாமா என்றெல்லாம் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஆட்கள் வெளியேறினார்கள். நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சங்கத் தலைவர் சிறைக்குப் போனார். கடைசியில் அந்த நகரத் தீயணைப்பு வீரர்களுக்கு முதன்முதலாக எழுத்தில் ஒப்பந்தம் கிடைத்தது.

பிரிட்டன், 1977 நவம்பர் 14 முதல் மறு ஆண்டு ஜனவரி நடுப்பகுதி வரை, ஒன்பது வாரம். நாடு முழுவதும் நடந்த முதல் தீயணைப்பு வேலை நிறுத்தம் அது. 30 விழுக்காடு கேட்டார்கள். அரசு 10-க்கு மேல் ஏற மறுத்தது. இராணுவத்தினர் 'கிரீன் காடஸ்' என்ற பழைய பச்சை வண்டிகளை ஓட்டினார்கள். 1950-களில் கட்டிய வண்டிகள், தெருவில் ஊர்ந்துதான் போகும். முடிவில் கைக்கு உடனே வந்தது அதே 10 விழுக்காடு. அத்தோடு நிற்காமல் இரண்டு விஷயங்களை வாங்கினார்கள். வாரத்துக்கு 48 மணி நேர வேலை 42 ஆகக் குறைந்தது. ஆண் உடலுழைப்புத் தொழிலாளரில் மேல்நிலைக் கால் பங்கினரின் வருமானத்தோடு சம்பளத்தைக் கட்டிவைக்கும் வாய்ப்பாடு ஒன்றும் கிடைத்தது. அந்த வாய்ப்பாடு 25 ஆண்டு நின்றது. 2002-இல் அது காலத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி 30,000 பவுண்டு கேட்டு மறுபடி இறங்கினார்கள். 2003 ஜூனில் 3 ஆண்டுக்கு 16 விழுக்காடு என்று முடிந்தது.

இன்னொரு தகவலையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க, கனடியத் தீயணைப்பு வீரர்களின் அனைத்துலகச் சங்கம் 1918-இல் உருவானது. வேலை நிறுத்தம் செய்ய மாட்டோம் என்ற விதியைத் தன் அமைப்புச் சட்டத்தில் வைத்திருந்து, 1968-இல்தான் அதை எடுத்தது.

தீயணைப்பு வீரருக்கு 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஓவர்டைம் சண்டை ஏன்?
— ஆலைப் பாதுகாவலர்

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மூன்று நாளுக்கு 24 மணி என்றால் வாரத்துக்குச் சராசரி 56 மணி. நம் வேலைச் சட்டத்தில் 2023 முதல் உச்சம் வாரம் 45 மணி. ஆக, ஓய்வு நீளமாகத் தெரிந்தாலும் வேலைதான் அதிகம்.

அமெரிக்க மத்தியச் சட்டம் தீயணைப்பு வீரருக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கிறது. மற்ற தொழிலாளிக்கு வாரம் 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. தீயணைப்புக்கு நகரம் ஒரு 'வேலைக் காலத்தை' 7 முதல் 28 நாள் வரை தானே தேர்ந்தெடுக்கலாம். 28 நாள் என்றால் 212 மணி தாண்டிய பிறகுதான் ஓவர்டைம். 7 நாள் என்றால் 53 மணி.

இங்கேதான் வித்தை. ஆளும் அதே ஆள், முறைப்பட்டியலும் அதே பட்டியல். 84 நாளை எடுங்கள். 28 ஷிப்ட், மொத்தம் 672 மணி. நகரம் 28 நாள் காலத்தைத் தேர்ந்தால் மூன்று காலங்களில் ஷிப்ட் 9, 9, 10 என்று விழும். மணி 216, 216, 240. கூடுதல் 4, 4, 28, மொத்தம் 36 மணி. நகரம் 7 நாள் காலத்தைத் தேர்ந்தால் வாரங்கள் 48, 48, 72 மணி என்று சுழலும். 48 மணி வாரத்தில் கூடுதல் ஒன்றுமில்லை. 72 மணி வாரத்தில் கூடுதல் 19 மணி. 12 வாரத்தில் அப்படி 4 வாரம் வரும், ஆக 76 மணி. 36-க்கும் 76-க்கும் நடுவே உள்ள 40 மணி நேரம் எங்கே போனது? பட்டியலை எந்தக் கோட்டில் வெட்டினார்கள் என்பதில் போனது. பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கம் சம்பள விகிதத்தைக் கேட்பதற்கு முன்னால் 'வேலைக் காலம் எத்தனை நாள்?' என்று கேட்க வேண்டும். பலர் கேட்பதில்லை.

தூக்கத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. ஷிப்ட் சரியாக 24 மணி என்றால் நிலையத்தில் தூங்கிய நேரமும் வேலை நேரம்தான். 24 மணியைத் தாண்டி ஒரு சில நிமிடம் கூடினாலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், 8 மணி வரை தூக்கத்தைக் கழித்துவிடலாம். 'ஷிப்ட் மாற்றும்போது கால் மணி நேரம் சேர்ந்திருந்து சாமானை ஒப்படைக்க வேண்டும்' என்று சாதுவாக ஒரு வரி ஒப்பந்தத்தில் நுழைந்தால் சங்கத்துக்காரர் மூக்கு வியர்க்க வேண்டும்.

நண்பரோடு தானாக ஷிப்ட் மாற்றிக்கொண்டால் அது ஓவர்டைமில் சேராது. காசுக்குப் பதில் விடுப்பாக வாங்கினால் 480 மணி வரைதான் சேர்த்து வைக்கலாம்.

எங்கள் ஆலையில் தீயணைப்பு பம்ப் வண்டிக்கு இரண்டு பேர்தான். வெளிநாட்டில் வண்டிக்கு மூன்றா நான்கா என்று நீதிமன்றம் வரை போகிறார்களே?
— அதே பாதுகாவலர்

நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு வீடு எரிகிறது. வண்டி நிற்கிறது. தலைவர் இறங்கி வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்: புகை எங்கிருந்து வருகிறது, உள்ளே ஆள் உண்டா, மின்சாரம் வெட்டியாயிற்றா. ஓட்டுநர் பம்பைப் பூட்டித் தண்ணீரை ஏற்றுகிறார். மற்ற இருவரும் ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார்கள். அமெரிக்க வண்டியின் தொட்டியில் பொதுவாக 1,900 லிட்டர் தண்ணீர். ஓர் ஓஸ் பைப் நிமிடத்துக்கு ஏறத்தாழ 570 லிட்டர் குடிக்கும். மூன்றரை நிமிடத்துக்குள் தொட்டி காலி. அதற்குள் யாராவது தெருக் குழாயில் இணைப்புப் போட்டாக வேண்டும்.

அங்குள்ள வேலைப் பாதுகாப்பு விதி, புகைக்குள் இருவர் நுழைந்தால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்கிறது. உள்ளே மனிதர் சிக்கியிருப்பது உறுதி என்றால் மட்டும் விலக்கு. நான்கு பேர் இருந்தால் நுழையலாம். மூன்று பேர் இருந்தால் அடுத்த வண்டி வரும்வரை வாசலில் நின்று தண்ணீர் அடிக்கலாம், அவ்வளவுதான். 2010-இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் வீட்டுத் தீ ஒன்றில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நேரம் பார்த்து அளந்தது. நால்வர் குழு, மூவரைவிட 25 விழுக்காடும் இருவரைவிட 30 விழுக்காடும் விரைவாக முடித்தது.

நகரத்தின் பக்கமும் வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஓர் இருக்கையை ஆண்டு முழுவதும் நிரப்ப 8,760 மணி நேரம் வேண்டும். வாரம் 56 மணி வேலை செய்பவர் ஆண்டுக்கு 2,912 மணி தருவார். அதாவது ஓர் இருக்கைக்கு 3 ஆள். விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் கழித்தால் மூன்றரையிலிருந்து நாலு ஆள். வாரம் 42 மணி முறையில் கழிக்காமலேயே 4. பத்து வண்டிக்கு ஓர் இருக்கை கூட்டினால் 35, 40 பேருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் ஆகிறது. அதனால் ஆள் வராத அன்று வண்டியையே நிறுத்தி வைக்கலாமா என்று நகரம் யோசிக்கும். சங்கம் 'குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை'யை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லும். எழுதிவிட்டால் வராதவர் இடத்துக்கு ஓவர்டைமில் ஆள் கூப்பிட்டே தீர வேண்டும். ஆண்டு முடிவில் அந்த ஓவர்டைம் தொகையைப் பேப்பரில் போட்டு 'பாருங்கள் இவர்கள் சம்பாதிப்பதை' என்பார்கள். ஆள் எடுக்காதது யார் என்று அந்தச் செய்தியில் இருக்காது.

உங்கள் ஆலை வண்டிக்கு வருவோம். இருவர் வெளியிலிருந்து தண்ணீர் அடிக்கலாம். கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. 999-ஐ முதலில் அழைத்துவிட்டுப் பம்பைத் தொடுங்கள்.

நகரத்திடம் பணமே இல்லை என்று சொல்லிவிட்டால் சங்கம் என்ன செய்யும்?
— கூட்டுறவுச் சங்க முன்னாள் பொருளாளர்

வேலை நிறுத்தத்தைத் தடுத்த அமெரிக்க மாநிலங்கள் பல அதற்கு ஈடாகக் கட்டாய நடுவர் தீர்ப்பைக் கொடுத்தன. பென்சில்வேனியாவில் 1968-இல், மிச்சிகனில் 1969-இல். பென்சில்வேனியா முறையைப் படிப்படியாகச் சொல்கிறோம், ஏனென்றால் அதில் தேதிதான் உயிர். நிதி ஆண்டு தொடங்க 6 மாதம் முன்னால் பேச்சு தொடங்க வேண்டும். இழுபறி என்றால், நிதி ஆண்டுக்கு 110 நாள் முன்னதாக நடுவர் வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். நகரம் ஒருவரை நியமிக்கும், சங்கம் ஒருவரை. மூன்றாமவரை இருவரும் சேர்ந்து தேட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அமெரிக்க நடுவர் சங்கத்திலிருந்து மூன்று பெயர் வரும். ஆளுக்கு ஒரு பெயரை அடித்தால் மிஞ்சுகிறவர் நடுநாயகம். மூவரில் இருவர் சொல்வது தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு மிகக் குறுகிய சந்துதான்.

நடுவர் முன்னால் அழுது பயனில்லை. அவர் பார்ப்பது அதே அளவுள்ள பக்கத்து ஊர்களில் என்ன சம்பளம், விலைவாசி எவ்வளவு ஏறியது, நகரத்தால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை. கடைசிக் கேள்விக்குச் சங்கம் நகரத்தின் தணிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வர வேண்டும். வரவு செலவுத் திட்டம் ஆசை. தணிக்கை அறிக்கைதான் நடந்தது. ஒரு நிதியில் பணமில்லை என்பார்கள், பக்கத்து நிதியில் சும்மா கிடக்கும். கூட்டுறவுக் கணக்கைப் பார்த்த உங்களுக்கு இது புதிதல்ல.

பணம் உண்மையிலேயே தீர்ந்துபோவதும் உண்டு. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் 2012 ஜூலையில் மேயர் தீயணைப்பு வீரர் உள்பட ஏறத்தாழ 400 நகர ஊழியருக்கும் மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்தார். முழுச் சம்பளம் கொடு என்று நீதிபதி உத்தரவிட்ட பிறகும் அதையே கொடுத்தார். பாக்கி பின்னால் வந்தது. முந்தைய ஆண்டில்தான் மாநில உச்ச நீதிமன்றம் நடுவர் தீர்ப்புகள் செல்லும் என்று சங்கங்கள் பக்கம் சொல்லியிருந்தது. தீர்ப்பு கையில் இருக்கிறது, கஜானாவில் காசு இல்லை. கலிபோர்னியாவின் வல்லேஹோ நகரம் 2008 மே மாதம் திவால் மனுப் போட்டது. போலீஸ், தீயணைப்புச் செலவு அதன் பொது நிதியில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தது. திவால் நீதிமன்றம், சங்க ஒப்பந்தங்களையும் நகரம் முறிக்கலாம் என்றது. ஆகவே தணிக்கை அறிக்கையைப் படிப்பது எதிராளியை மடக்க மட்டுமல்ல.

வேலை நிறுத்தம் கூடாது, சரி. எல்லாரும் சேர்ந்து மெதுவாகச் செய்தால்? எல்லாரும் ஒரே நாளில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால்?
— பெயர் வேண்டாம் என்றவர்

பெயர் வேண்டாம் என்றது நல்லது. நம் தொழிலுறவுச் சட்டத்தில் வேலை நிறுத்தம் என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்தில், கூட்டாகப் பேசி வைத்து வேலையை மந்தமாக்குவதும் அடங்கும். ஒரே நாளில் இருபது எம்.சி. என்பதும் அந்தக் கணக்கில் விழலாம். வேலை நேரத்துக்கு வெளியே, வேலையிடத்துக்கு அருகில், யாரையும் மிரட்டாமல், வழி மறிக்காமல் மறியல் செய்ய 40-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வாட்சாப்பில் 'நாளைக்கு எல்லாருக்கும் காய்ச்சல்' என்று எழுதாதீர்கள்.

எங்கள் தோட்டத்து ஆலையில் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு பயிற்சி. 'இது கம்பெனிக்குச் சேவை' என்று ஓவர்டைம் கொடுப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது?
— கொதிகலன் பகுதித் தொழிலாளி

வரச் சொன்னது முதலாளி, வராவிட்டால் கேட்பதும் முதலாளி என்றால் அது வேலை நேரம். உங்கள் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் என்றால் ஓவர்டைம் விதி உங்களுக்கும் உண்டு.

கணக்கு: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை ஒரு நாள் சாதாரண வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கூலி. 1,700 வெள்ளிக்கு நாள் கூலி 65.38. பல ஆபீசில் பழக்கத்தில் 8-ஆல் வகுக்கிறார்கள்: 8.17, ஒன்றரை மடங்கு 12.26. ஆனால் 45 மணி வாரத்தை ஆறு நாளாகப் பிரித்த இடத்தில் ஒரு நாள் ஏழரை மணிதான். ஏழரையால் வகுத்தால் 8.72, ஒன்றரை மடங்கு 13.08. மணிக்கு 82 காசு வித்தியாசம். உங்கள் நியமனக் கடிதத்தில் எத்தனை மணி என்று பாருங்கள்.

ஓய்வு நாளில் மாதச் சம்பளக்காரருக்கு அரை நாள் வரை வேலை என்றால் அரை நாள் கூலி, அதற்கு மேல் என்றால் முழு நாள் கூலி. சாதாரண நேரத்தையும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. காலை 8 முதல் 11 வரை பயிற்சி என்றால் ஒரு ஞாயிறுக்கு 32.69 வெள்ளி உங்களுக்கு வர வேண்டும். இது உங்கள் ஓய்வு நாள் ஞாயிறு என்றால் மட்டும். ஷிப்ட் ஆட்களுக்கு ஓய்வு நாள் புதன்கிழமையாகக்கூட இருக்கும். அப்போது ஞாயிறு வெறும் வேலை நாள். அன்றைய சாதாரண நேரத்துக்கு மேல் போனதுதான் ஒன்றரை மடங்கு. முறைப்பட்டியலைப் பார்க்காமல் எழுதிய புகார் இங்கேதான் கவிழ்கிறது.

செய்ய வேண்டியது: ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, வரச் சொன்னவர், வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். வரச் சொன்ன வாட்சாப் செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதப் பே ஸ்லிப்பைப் பக்கத்தில் வையுங்கள். முதலில் மேனேஜருக்கு ஒரு பக்கக் கடிதம். நகலில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் சங்கக் கிளை, அல்லது நேரே தொழிலாளர் இலாகா. சம்பளப் பாக்கிப் புகாரை விசாரித்து உத்தரவிட வேலைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் அதற்கு அதிகாரம் உண்டு. முதலாளி சம்பளப் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அது காணோம் என்றால் உங்கள் நோட்டுக்கு மதிப்பு ஏறும். அந்த நோட்டை ஒரே மூச்சில், ஒரே பேனாவில், புகாருக்கு முந்தைய இரவு எழுதினால் மதிப்பு இறங்கும்.

தீயணைப்பு வேலையால் புற்றுநோய் வரும் என்பது உண்மையா? அதற்கும் சங்கத்துக்கும் என்ன?
— தன்னார்வத் தீயணைப்புக் குழு உறுப்பினரின் மனைவி

உண்மை. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், இத்தனை ஆண்டு வேலை செய்த தீயணைப்பு வீரருக்கு இன்ன புற்றுநோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே வைத்துக்கொள்ளும் சட்டம் இருக்கிறது. இல்லை என்று காட்டுவது நகரத்தின் பொறுப்பு. அங்கே இப்போது சூடான தகராறே எந்தெந்தப் புற்றுநோய், எத்தனை ஆண்டு என்பதில்தான்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். தீ அணைந்து புகைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் பலர் சுவாசக் கருவியைக் கழற்றுவார்கள். அப்போதும் மாட்டியிருக்கச் சொல்லுங்கள். கரி படிந்த சட்டையைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நிலையத்திலேயே அலசட்டும். பிள்ளைகளின் துணியோடு ஒரே வாஷிங் மெஷினில் போடவே கூடாது. கழுத்தையும் கைகளையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவட்டும். அப்புறம் ஒரு சின்ன டைரி: தேதி, இடம், எரிந்தது என்ன — டயர், ரப்பர்ப் பால் ஸ்டோர், செம்பனை நார், பிளாஸ்டிக் — புகைக்குள் எத்தனை நிமிடம், கருவி மாட்டியிருந்தாரா. நிலையத்துச் சம்பவப் பதிவின் எண்ணையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். நோய் வந்தால் இருபது ஆண்டு கழித்துத்தான் வரும். அன்றைக்கு எந்தத் தீ என்று யாருக்கும் நினைவிருக்காது.